எலி நோனா

அவரிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. குறிஞ்சிப்பிட்டியில் இதை அறியாத ஆள் இல்லை. "இண்டைக்குக் கடல் எப்படி?" என்று கேட்டால்கூட "யாருக்கு?" என்பார். வள்ளத்தில் போகிறவனுக்கா, கரையில் நின்று பார்க்கிறவளுக்கா, மீனுக்கா என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வார்த்தை வரும். நான் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை என்று வளர்ந்தவள். வீட்டில் இருந்து அபாயாவும் சட்டையும் தைத்துக் கொடுக்கிறேன். இடுப்பளவு கேட்டபோது "சாப்பிட முதலா, சாப்பிட்ட பிறகா?" என்று என்னையே திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் எலி நோனா, எலி பார்க்கிற துரைசாணி என்று. அவருக்கு முன்னாலேயே அப்படிச் சொல்வார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பல வருடங்களாக ஆய்வுகூடத்தில் எலிகளோடு இருந்தவர். சும்மா எலிகள் இல்லை, கர்ப்பமான எலிகள். அதிலும் அந்த எலிகளின் சிறுநீரகம் மட்டும். படித்த ஒரு பெண் தன் வயதுகாலம் முழுவதையும் எலி எவ்வளவு மூத்திரம் பெய்கிறது என்று பார்ப்பதில் செலவழித்தாள் என்பதை எங்கள் ஊரால் கடைசிவரை நம்ப முடியவில்லை. என் கணவர் வெங்காயத் தோட்டத்தால் வந்து கால் கழுவும்போதெல்லாம், "ஒங்கட நோனா இண்டைக்கு என்ன குழப்பிவிட்டா?" என்று கேட்பார். குழப்பாத நாள் குறைவு.

இப்போது அவர் இங்கே இல்லை. அண்ணனோடு இருக்கப் போகிறேன் என்று வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய தகப்பனின் வீடும் தென்னந்தோட்டமும் பூட்டியபடி கிடக்கின்றன. எங்கள் வளவுக்கும் அந்த வளவுக்கும் நடுவில் இருந்த கிடுகு வேலி போன மழையில் விழுந்துவிட்டது. எடுத்துக் கட்டச் சொல்லி நானும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் கிட்னி என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் பயப்படுவார்கள். கிணற்றுத் தண்ணீரா, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தா, வெயிலா என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதனால் கிட்னி படித்த ஒருத்தி ஊரில் வந்து குடியேறியதும், முதல் மாதங்களில் அவர் வாசலில் ஆட்கள் வரிசை கட்டினார்கள். செவ்விளநீர் குடிக்கலாமா, பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும், காலில் வீக்கம் இருந்தால் என்ன என்று கேட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்பார். கதிரை போட்டு, பிளேன்டீ கொடுத்து, எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில், "இது நான் எலியில பார்த்தது. மனுசருக்கு நான் ஒண்டும் சொல்லல்ல" என்பார். வந்தவர்கள் எழுந்து போகும்போது வரும்போது இருந்த தெளிவும் இருக்காது. மெல்ல மெல்ல வரிசை நின்றது.

என்னோடு மட்டும் அவருக்குக் கதை நீளும். வெங்காயம் கிண்டிய காலத்தில் என் முற்றத்தில் வந்து உட்கார்ந்து தாள் அறுக்க உதவி செய்வார். கை வேகமாக ஓடும். வாய் நிதானமாக ஓடும். அப்படி ஒரு நாள்தான் எலியின் கர்ப்பத்தை எனக்கு விளக்கினார். எலி சுமப்பது மூன்று கிழமைதான். அந்தக் கொஞ்ச நாளுக்குள் அதன் உடம்பில் இரத்தம் கூடுகிறது, நாளங்கள் விரிகின்றன, சிறுநீரகம் கொஞ்சம் பெருத்துக்கூடப் போகிறது. தேங்காய்ப்பாலை வடியில் வடிப்பதுபோல சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கிறது அல்லவா, கர்ப்பத்தில் அந்த வடிப்பு வழமையைவிடக் கூடும். நடு நாட்களில் ஆகக் கூடுதலாக இருக்கும். குட்டி போடுவதற்குக் கிட்டத்தில் திரும்பவும் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

"கூட வடிச்சா நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"நல்லது கெட்டது எண்டு எலி யோசிக்கிறதில்ல. ஏறும், இறங்கும். கிரியேட்டினின் எண்டு ஒரு கழிவு இருக்கு. வடிப்பு ஏறினா இரத்தத்தில அது குறையும். வடிப்பு ஏறாட்டி அது அப்படியே நிக்கும்."

"நிண்டா?"

"நிண்டா நாங்க அந்த எலியக் கொஞ்சம் கூடப் பார்ப்பம்."

அவர் இன்னொன்றும் சொன்னார். வயிற்றில் குட்டி உண்டாகாமலே, உண்டாகிவிட்டது என்று எலியின் உடம்பு நினைத்துக்கொள்கிற நாட்கள் உண்டாம். மலட்டு ஆணோடு விட்டால் அப்படி ஆகுமாம். அப்போதும் சிறுநீரகம் வேலையைக் கூட்டிக்கொள்ளுமாம். இல்லாத குட்டிக்காக. எனக்கு அதைக் கேட்க ஏனோ பாவமாக இருந்தது. அவர் கல்யாணம் முடிக்காதவர், பிள்ளை இல்லாதவர். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கர்ப்பமான எலி உப்புக்கு ஆசைப்படும் என்றும் ஒருநாள் சொன்னார். இரண்டு தண்ணீர்ப் போத்தல் வைத்தால் உப்புப் போட்டதைத் தேடிப் போய்க் குடிக்குமாம். "அப்ப புள்ளத்தாச்சிமாரும் உப்பு நல்லாத் தின்னலாமா?" என்று நான் பகிடியாகத்தான் கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டார்.

"ரிஸ்வானா, அப்படிக் கேக்காதீங்க. ஒருக்கா எலியில கண்டத ஒரு மனுசிக்குச் சொன்னனான்."

"சொல்லி?"

"அவள் நம்பினாள்" என்றார். மீதித் தாளை அறுத்து முடித்துவிட்டு எழுந்து போனார். யார் அந்த மனுசி, என்ன நடந்தது என்று நான் இன்றுவரை அறியேன். பல தடவை கேட்டுப் பார்த்தேன். காற்று அடிக்கிறது, துணியை எடுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எலியைப் பற்றி அவர் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்பதும் எனக்கு விளங்காத ஒன்று. எங்கள் கொப்பரா மூட்டையை எலி கடித்துத் தள்ளிய காலத்தில் பொறி வைத்தோம். விடிய ஒன்று மாட்டியிருந்தது. நன்றாக வயிறு தள்ளிய எலி. என் கணவருக்கு அதைக் கொல்ல மனம் வரவில்லை, எனக்குக் கிட்டப் போகவே பயம். வேலியால் கூப்பிட்டேன். அவர் வந்து பொறியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குட்டி போடக் கிட்ட வந்திட்டு" என்றார். பொறியோடு களப்புத் தண்ணீர்ப் பக்கம் நடந்தார். வெறும் பொறியோடு திரும்பி வந்தார். விட்டாரா, தண்ணீரில் அமிழ்த்தினாரா? கேட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டே, "உங்கட வீட்டுக்கு அது இனி வராது" என்றார். இரண்டுக்கும் பொருந்துகிற பதில். எனக்கு அன்று அவர்மீது பாசம் கூடியதா, பயம் கூடியதா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

இந்த மனுசியிடம்தான் என் தங்கச்சி சபீனாவின் கதை போய்ச் சேர்ந்தது.

சபீனா கற்பிட்டி டவுனில் கணவன் வீட்டில் இருக்கிறாள். முதல் பிள்ளையை ஏழாம் மாதத்தில் இழந்தவள். பிரசர் ஏறி, உடம்பெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன போது பிள்ளை போய்விட்டது. அவளையே தப்ப வைத்தது பெரிய காரியம் என்றார்கள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவள் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இரண்டாவது தங்கியபோது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சந்தோசப்படவில்லை. துஆ மட்டும் கேட்டோம். ஐந்தாம் மாதத்தில் கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். சபீனா போனில் கூப்பிட்டு, "ராத்தா, கிட்னி எல்லாம் நோர்மலாம். கிரியேட்டினின் முந்தி மாதிரியே இரிக்காம்" என்றாள். அவள் சிரித்ததை அன்றுதான் திரும்பக் கேட்டேன். பால்சோறு ஆக்கி அயல் வீடுகளுக்குக் கொடுத்தேன். வேலியால் அவருக்கும் ஒரு கோப்பை நீட்டி, விசயத்தைச் சொன்னேன்.

அவர் கோப்பையை வாங்கவில்லை.

"முந்தி மாதிரியேவா? குறையல்லயா?"

"குறையல்ல. கூடவும் இல்ல. நோர்மல் எண்டு சொன்னாங்க."

"எலியில எண்டா இந்த நாள்கள்ல அது குறைஞ்சிருக்கோணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நல்ல செய்தி சொல்ல வந்தவளுக்குச் சொல்கிற பதிலா இது? "எலி இல்ல அக்கா, என்ட தங்கச்சி. நல்லதா கெட்டதா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"எலி எண்டா எனக்கு யோசனை வரும்."

"மனுசிக்கு?"

"மனுசிக்கும் அப்படித்தான் எண்டு படிச்சிருக்கிறன். ஆனா நான் பார்த்தது எலி. மனுசியப் பார்க்க டொக்டர் இருக்கிறார். அவரிட்டக் கேக்கச் சொல்லுங்க, முந்தி மாதிரியே நிக்கிறது சரியா எண்டு."

நோர்மல் என்றால் சந்தோசப்பட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். நோர்மல் என்பதற்காகக் கவலைப்படச் சொன்ன ஆளை நான் கண்டதில்லை. வீட்டுக்குள் வந்து அந்தப் பால்சோற்றை நானே சாப்பிட்டேன். பின்னேரம் சபீனாவுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லியும் விட்டேன். அவள் மாமி, கணவனின் தாய், பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். "எலி பார்க்குற ஆள்ட கதையக் கேட்டு புள்ளத்தாச்சிய ஏன் பயப்படுத்துறீங்க?" என்று எனக்கு நல்லா ஏச்சுத் தந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஆனாலும் சபீனா அடுத்த கிளினிக்கில் கேட்டாள். டொக்டர், தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், முந்திய தரம் பிரசர் வந்தவள் என்பதால் சரியாக அளந்து பார்த்துவிடுவோம் என்று சொல்லி ஒரு பெரிய கேன் கொடுத்தனுப்பினார். ஒரு பகலும் ஓர் இரவும் போகிற சிறுநீர் முழுவதையும் அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். சேர்த்தார்கள். கொண்டுபோனார்கள். சோதனை முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். டொக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"முழுசாச் சேர்த்ததா?" என்று கேட்டார்.

சபீனா வாயைத் திறக்க முதல் மாமி சொன்னார்: "ஓம் டொக்டர். நான் பக்கத்துல இருந்து பார்த்த. ஒரு சொட்டும் விடல்ல."

அப்படியென்றால் சிறுநீரகங்கள் பாதி வேலைதான் செய்கின்றன என்றார் டொக்டர். பிரசரும் கொஞ்சம் ஏறியிருந்தது. இது உண்மையென்றால் வயிற்றில் பிள்ளையை நெடுநாள் வைத்திருப்பது தாய்க்கு ஆபத்து, இரண்டு நாளில் உடுப்போடு வந்து வார்டில் சேருங்கள், பெரிய டொக்டரும் பார்த்துத்தான் பிள்ளையை எடுக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். ஆறாம் மாதம் தொடங்கிய பிள்ளை. இப்போது எடுத்தால் பிள்ளை தங்காது என்று எங்களுக்கே தெரிந்திருந்தது. த்ரீவீலில் வரும்போது சபீனா என் தோளில் சாய்ந்து, "ராத்தா, இதையும் எடுத்தா நான் இரிக்க மாட்டன்" என்றாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே நான் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உள்ளுக்குள் கோபமும் இருந்தது. முதலில் நல்லது என்றார்கள்; நீங்கள் யோசனை என்றீர்கள்; இப்போது பாதி போய்விட்டது என்கிறார்கள்; உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"பாதியா?" என்றார். "இரத்தத்தில கிரியேட்டினின் அப்படியே நிக்குது, ஏறல்ல. அப்ப வடிப்பு எப்படிப் பாதியாகும்?"

"எனக்கென்ன தெரியும் அக்கா?"

"நான் ஒருக்கா வரட்டா? கூட்டைப் பார்க்கோணும்."

"என்ன கூடு?"

கொஞ்சம் தடுமாறினார். "வீட்டை" என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் கழுதைகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. வழமையாக அவற்றுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு போகிறவர், அன்று வாயே திறக்கவில்லை. மாமி எங்களை இருக்கச் சொன்னார். முகத்தில் விருப்பம் இல்லை. நோனா சபீனாவின் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. நேரே கேட்டார்:

"கேனை எங்க வச்சிருந்தீங்க?"

"ஏன்?" என்றார் மாமி.

"சும்மா. பார்க்கலாமா?"

மாமி பின்பக்கம் கூட்டிப்போனார். கிணற்றைத் தாண்டி வளவின் மூலையில் பழைய கக்கூஸ். அதன் ஓரத்துக் கல்லுக் கட்டின் மேல்தான் கேன் இருந்ததாம். "இது தொழுற வீடு. ஊத்தைய உள்ளுக்கு வைக்கேலாதே" என்றார் மாமி. சரிதான் என்று நோனா தலையாட்டினார். கட்டு ஆடுகிறதா என்று கையால் தட்டிப் பார்த்தார். கீழே குனிந்து ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்தார். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தென்னையைப் பார்த்தேன்.

உள்ளே வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். சபீனா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பொழுது பட்டு, பள்ளியில் மஃரிப் பாங்கு கேட்டது. மாமி உடனே எழுந்தார்.

"சபீனா, உள்ள வாங்க மகள். மஃரிபுக்குப் பிறகு புள்ளத்தாச்சி வெளிய நிக்கப் படாது."

அவள் உள்ளே வந்தாள். மாமி பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நோனா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, இந்தக் கதவை இனி எப்ப திறப்பீங்க?"

"சுபஹு தொழுதுட்டு, வெளிச்சம் வந்த பிறகு. முந்தின புள்ள உண்டான நேரம் இவ இருட்டுக்க வெளிய போய் வந்தவ. அதுதான் அப்படி ஆன. இந்தத் தரம் நான் ஒரு நாளும் விடல்ல."

"அப்ப இரவில சபீனா?"

"உள்ள பாத்ரூம் இரிக்கி தானே."

"கேன்?"

மாமி கதவைப் பார்த்தார், சபீனாவைப் பார்த்தார். கேன் இருட்டில் வெளியே, பிள்ளைத்தாச்சி கதவுக்கு உள்ளே. ஓர் இரவு முழுவதும்.

"பகலுக்கே கேன் நல்லா நிறைஞ்சி இருந்திச்சி" என்றாள் சபீனா மெல்ல. "இரவு போறது வேணாம், இவ்வளவும் காணும் எண்டு நினைச்சன்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரேயடியாக விளங்கியது. அவர்கள் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஏன் பாதி இருக்கிறது என்று அழுதிருக்கிறார்கள். மாமி கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அல்லாஹ்வே, நானா இதச் செஞ்ச? புள்ளய எடுக்கச் சொல்லி நானா சொல்லி வச்ச?" என்று அரற்றத் தொடங்கினார். அந்தக் கதவைப் பாசத்தில்தானே பூட்டினார். யாரை நோவது?

நோனா எழுந்துபோய் அவர் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். "அக்கா, எலிக் கூட்டுக்கு அடியில ஒரு புனல் இருக்கும். அது விலகினா மூத்திரம் வெளியில போயிரும். எத்தனையோ தரம் நான் அதைப் பார்க்காம, இந்த எலி முடியப்போகுது எண்டு எழுதி வச்சிருக்கிறன். எலி மேல இருந்து தீன் தின்னும்" என்றார். மாமி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

"அப்ப சபீனாவுக்கு ஒண்டுமில்லையா?" என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்லல்ல. பாதி எண்டதை நம்ப வேணாம் எண்டுதான் சொன்னன்."

சிரிக்க வந்த எங்கள் எல்லோர் முகமும் திரும்பத் தொங்கியது. ஒரு நிமிடம் சும்மா இருக்க விடுகிறாரா பாருங்கள். ஆனாலும் அன்றே மச்சான், சபீனாவின் கணவர், டொக்டருக்குச் சொல்லிவிட்டார். வார்டில் வைத்துத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். மாமிதான் துணைக்கு நின்றார். கட்டிலுக்கு அடியில் கேன், பக்கத்தில் ஸ்டூலில் தஸ்பீஹ் மணியோடு மாமி. சபீனா பாத்ரூம் பக்கம் திரும்பினாலே மாமி கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாராம். கடமையான தொழுகைக்குப் போகும்போது பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண்ணிடம் அதைப் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் போவாராம். அந்த வார்டே அதைச் சொல்லிச் சிரித்தது.

இரண்டாம் முடிவு வந்தது. பாதி இல்லை. ஆனால் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இருக்க வேண்டிய அளவுக்கு ஏறவும் இல்லை. சிறுநீரில் புரதமும் கொஞ்சம் போகிறது. டொக்டர் மருந்து எழுதி, கிழமைக்குக் கிழமை வரச் சொல்லி, "இப்ப பிள்ளையை எடுக்கத் தேவையில்ல, பார்த்துக்கொண்டு போவம்" என்றார். இதைக் கேட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரு செய்வதா, கவலைப்படுவதா? நாங்கள் இரண்டையும் செய்தோம். எலி நோனாவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அப்படித்தான்" என்றார். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட பதில்களில் அதுதான் ஆகச் சின்னது.

எட்டாம் மாதம் முடியமுன் பிரசர் நிற்காமல் ஏறியது. ஒப்பரேசன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. கையகலம்தான் இருந்தான். சில கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, பால் குடிக்கப் பழகி, வீட்டுக்கு வந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

நாற்பது நாள் முடிந்த பிறகு நான் நோனாவை அங்கே கூட்டிப்போனேன். மாமி அவருக்கென்று தனியாக வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தார். சபீனா கட்டிலில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நன்றாகச் சதை பிடித்திருந்தான். சபீனாதான் இன்னும் வெளிறிப்போய் இருந்தாள். பிரசர் மருந்துக் குளிசை நிற்பாட்டவில்லை; கிட்னி கிளினிக்குக்கும் தொடர்ந்து போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் பிள்ளையோடு கதை. நோனா மட்டும் சபீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபீனாதான் கேட்டாள். "அக்கா, புள்ள பெத்த பிறகு என்ட கிட்னி சரியா வருமா? எலிக்கு எப்படி?"

நான் ஒரு நீளமான விளக்கத்துக்குத் தயாரானேன். ஏறும், இறங்கும், யாருக்கு, எப்போது என்று தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையில் இருந்த கரண்டியைக் கோப்பையில் வைத்தார்.

"எலிக்குத் தெரியாது" என்றார்.

"ஏன்?"

"குட்டி போட முதல் எங்கட வேலை முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு எலிய நாங்க உயிரோட வச்சிருக்கிறதில்ல."

சபீனாவுக்கு விளங்கியது. மாமிக்கும் விளங்கியது. "அவ்வளவு எலில ஒண்டையாவது வச்சிப் பார்க்கல்லயா?" என்று மாமி கேட்டார்.

"ஒண்டையும் இல்ல" என்றார் நோனா. அவருடைய குரல் அப்படி அடங்கி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெண்கள் பெற்ற பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கிற டொக்டர்மார் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடாதே, ஒரு கிளினிக்கும் தவறவிடாதே என்று மட்டும் சொன்னார்.

சபீனா பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள். அவன் சிணுங்கி, தேடி, திரும்பவும் வாய் வைத்தான். அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப நான் இருந்து காட்டுறன் அக்கா."

நோனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழுதார். சபீனாவுக்காகவா, அந்த எலிகளுக்காகவா, முன்னொரு காலம் அவரை நம்பிய அந்த மனுசிக்காகவா, எனக்குத் தெரியாது. மாமி எழுந்துபோய் அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.